ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும் வாசிப்பு

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழ்ப் பெயர். இந்த நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இந்தத் தோட்டத்தில்தான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத் துரையாக வந்த இவர் பின்னாளில் நாவலாசிரியர் ஆனார். மலாயா வாழ்க்கையை வைத்து இவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற கொன்கூர் இலக்கியப் பரிசு கிடைத்தது.

அதே 1917-இல்தான் மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளிவந்தது. ஆக, இந்த மண்ணில் செம்பனைத் தோட்டத்திற்கும் தமிழ் நாவலுக்கும் ஒரே வயது! செம்பனை இன்று நாடு முழுவதும் ஐம்பது இலட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவி நிற்கிறது. தமிழ் நாவல் எங்கே நிற்கிறது? ஈஜோக்கிலோ, புக்கிட் ரோத்தானிலோ, தஞ்சோங் காராங்கிலோ பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "ஐயா, கடைசியாக என்ன தமிழ் நாவல் படித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. பிள்ளை மேல் குற்றமில்லை. அந்தப் பிள்ளையின் கையில் யாரும் ஒரு நாவலைக் கொடுக்கவில்லை.

வாசிப்பு நிற்கும் இடம்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பிள்ளை தமிழில் படிக்கிறது. கதை சொல்கிறது, கட்டுரை எழுதுகிறது, திருக்குறள் ஒப்புவிக்கிறது. முதலாம் படிவத்தில் கால் வைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பாடங்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. மலாய்மொழிப் பாடத்தில் இலக்கியப் பகுதியும் உண்டு. அதில் நாவல் படித்துத்தான் ஆக வேண்டும். தமிழோ, பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் நடத்தப்படும் வகுப்பாகச் சுருங்கிவிடுகிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியது பெற்றோர்தானே!

முன்பாவது தேர்வு என்ற கட்டாயம் இருந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும் பி.டி.3 தேர்வு 2022-லும் நீக்கப்பட்டன. இனி எஸ்.பி.எம். தேர்வில் விரும்பினால் தமிழ் எடுக்கலாம். அதுவரை ஐந்து ஆண்டு இடைவெளி. அந்த ஐந்து ஆண்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கமே தேய்ந்துவிட்டால், ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எடுக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. பதினொன்று முதல் பதினேழு வரையிலான வயதில்தான் பிள்ளைகள் தங்களைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்கள். தாத்தா எங்கிருந்து வந்தார்? பாட்டி ஏன் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண் கலங்குகிறார்? வட சிலாங்கூரில் லயத்து வீடுகள் பல இன்று இல்லை. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. தாத்தா வாழ்ந்த இடத்தைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்ட வழியில்லை. காட்டக்கூடிய இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அது நாவல்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு

இந்த வயதில் வேகம் வேண்டும், மர்மம் வேண்டும். உபதேசம் வேண்டாம்.

மலேசிய எழுத்தாளர் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' முதலில் கொடுக்க ஏற்றது. நம் நாட்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சிறுவர் மர்ம நாவல் இது. ஆசிரியர் பணியில் இருந்து பிள்ளைகளின் பேச்சை அறிந்தவர் எழுதியது என்பதால் மொழி தடுக்காது.

அடுத்து ஜெயமோகனின் 'பனிமனிதன்'. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. அறிவியல் செய்திகளும் சாகசமும் கலந்து வரும். முதலில் சிறுவர் இதழில் தொடராக வந்தது. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்கு இழுத்துச் செல்லும்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடி நாகரிகத்தை வைத்து எழுதப்பட்டது. 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. வரலாறு என்றால் ஆண்டுகளின் பட்டியல் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல மருந்து.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' குறுநாவல். கரிசல் காட்டில் பறவைகளைத் தேடி அலையும் சிறுவனின் கதை. கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் நெருங்கிய புத்தகம். கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளையும், புக்கிட் மெலாவத்தி அடிவாரத்துச் சதுப்பு நிலப் பறவைகளையும் பார்த்து வளரும் பிள்ளைகள் அல்லவா! கரிசல் பேச்சு முதல் சில பக்கங்களில் சற்று மிரட்டும். பெரியவர் யாராவது உடன் உட்கார்ந்து நான்கு பக்கம் வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் எழுதப்பட்டது, கதை நடப்பதோ 2021-ஐ ஒட்டிய காலத்தில். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும். அவர் கற்பனை செய்த ஆண்டு வந்து போய்விட்டது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிள்ளைகளே ஒரு பட்டியல் போடலாம். கையில் கைப்பேசியோடு பிறந்த தலைமுறைக்கு அது ஒரு நல்ல விளையாட்டு.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் பால சாகித்திய விருது பெற்றது. ஒரு சிறுமியோடு மரப்பாச்சிப் பொம்மை பேசுகிறது. பிள்ளைகளிடம் பெரியவர்கள் தவறாக நடந்துகொள்ளும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அச்சமூட்டாமல் சொல்லும் நாவல். அம்மாவும் அப்பாவும் பிள்ளையிடம் சொல்லத் தயங்கும் செய்தி இது. பெற்றோர் முதலில் படித்துவிட்டுப் பிறகு கொடுப்பது நல்லது.

வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கிய 'குட்டி இளவரசன்' சிறிய புத்தகம். ஒரே நாளில் முடித்துவிடலாம். ஒரு நாவலை முழுதாக முடித்தோம் என்ற பெருமிதம் அடுத்த நாவலுக்கு வழி திறக்கும்.

பதினைந்து முதல் பதினேழு வரை

இங்கேதான் தாத்தாவின் கதை வருகிறது.

'குவாய் நதிப் பாலம்' என்று ஒரு புகழ்பெற்ற நாவல் உண்டு. எழுதியவர் பியர் பூல். அவரும் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்தான். 1957-இல் அது திரைப்படமாகி உலகமெங்கும் ஓடியது. ஜப்பானியர் காலத்தில் 1942-43-இல் போடப்பட்ட, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதைதான் களம். ஆனால் அதில் வருவது வெள்ளைக்காரக் கைதிகளின் துன்பம். அந்தப் பாதையில் மாண்ட போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு. தொண்ணூறாயிரம் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். உலகம் பார்த்த அந்தப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

அந்த இடத்தைத் தந்தது தமிழ் நாவல். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதே துயரத்தைப் பேசுகிறது. இந்த இரண்டில் ஒன்றையாவது படிக்காமல் ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கக் கூடாது. சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு இன்றும் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது.

அ. ரெங்கசாமியின் 'விடியல்' 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தை வைத்து எழுதப்பட்டது. சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய போராட்டம் அது. முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். தொழிலாளர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும்தானா? துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைக்கு, தன் படிப்பைக் கேட்டுப் போராடியவர்கள் இருந்தார்கள் என்று யார் சொல்வது?

அகிலன் மலேசியா வந்து பார்த்துவிட்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' தோட்டத் துண்டாடலைக் கண்முன் நிறுத்தும். எளிய நடை, இந்த வரிசையில் முதலில் இதைக் கொடுக்கலாம். தோட்ட வாழ்க்கை இங்கே மட்டும் இப்படி இருந்ததா என்று கேட்கும் பிள்ளைக்கு 'எரியும் பனிக்காடு' இருக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். கடுமையான காட்சிகள் உண்டு. பதினாறு வயதுக்கு முன் வேண்டாம்.

'பொன்னியின் செல்வன்' ஏன் பட்டியலில் இல்லை என்று நேயர்கள் கேட்கலாம். ஐந்து பாகங்களையும் முதலிலேயே மேசையில் அடுக்கினால் பிள்ளை ஓடிவிடும். கல்கியில் தொடங்க வேண்டுமானால் 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். அதை முடித்த பிள்ளை மற்றவற்றைத் தானே தேடி வரும்.

தயக்கங்கள்

கதைப் புத்தகம் படித்தால் பாடம் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. கைப்பேசியில் போகும் இரண்டு மணி நேரத்தைப் பற்றி அந்த அச்சம் வருவதில்லையே! நீண்ட நாவல் ஒன்றைப் பொறுமையாகப் படித்து முடிக்கும் பிள்ளைக்கு நீண்ட வரலாற்றுப் பாடமும் சுமையாகத் தோன்றாது.

மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தால் போதாதா என்பார்கள். தாராளமாகப் படிக்கட்டும். எந்த மொழியில் படித்தாலும் வாசிப்பு வாசிப்புதான். ஆனால் பாட்டியின் பேச்சு, அதே ஒலியோடு அச்சில் வருவது தமிழ் நாவலில் மட்டும்தான்.

நாவலில் காதலும் சண்டையும் வருகிறதே என்பார்கள். வரத்தான் செய்யும். தொலைக்காட்சித் தொடரில் வருவதை வீடே கூடி உட்கார்ந்து பார்க்கிறதே! நாவலில் வந்தால் நிறுத்தி, யோசித்து, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

செய்யக்கூடியது

புத்தகம் விலை கூடுதல் என்பது உண்மை. தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகத்திற்கு அனுப்பும் செலவும் சேர்கிறது. ஒவ்வொரு வீடும் பன்னிரண்டு புத்தகம் வாங்க முடியாது. பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு ஒன்று வாங்கலாம். மாதம் ஒரு முறை கை மாற்றினால் ஓராண்டில் பன்னிரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டு நாவல்களைப் படித்திருப்பார்கள்.

கோயில் திருவிழாக்களிலும் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாக்களிலும் பிளாஸ்டிக் கோப்பைகள் குவிகின்றன. அலமாரியில் தூசி படியும் கோப்பைக்குப் பதிலாக, பிள்ளையின் பெயர் எழுதி ஒரு நாவலைக் கொடுத்தால் என்ன? ஆறாம் ஆண்டு மாணவர் விடைபெறும் நாளில், முதலாம் படிவத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தமிழ் நாவல் இருக்கட்டும். முன்னாள் மாணவர்கள் நினைத்தால் ஒரே கூட்டத்தில் முடியும் காரியம் இது.

இவை அனைத்தையும்விட எளியது ஒன்று. இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடி மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். பிள்ளையைப் படி என்று சொல்ல வேண்டாம். மறுநாள் காலையில் அடையாளத் தாள் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.