யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்?

(மார்த்தாண்டத்தில் நடந்த விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

காலையில வெட்டு முடிச்சு, பால் எடுத்து, ஷீட் அடிச்சு வச்சிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். 2011-ல் ஷீட் விலை கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. மரமும் அதே மரம், பாலும் அதே பால். அப்படியானால் விலை எங்கே முடிவாகிறது? உலகச் சந்தை ஒரு காரணம். நம்மைக் கேட்காமல் வெளிநாடுகளோடு போடப்படும் ஒப்பந்தங்கள் இன்னொரு காரணம்.

“வெளிநாட்டு விவகாரம் டெல்லிக்காரன் பார்த்துக்குவான், நமக்கு எதுக்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் மண்ணின் சரித்திரமே பதில் சொல்லும்.

இந்த ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1936 முதல் 1947 வரை சர் சி.பி. ராமசாமி அய்யர் திவான். சட்டசபை என்று ஒன்று இருந்தது. ஆனால் திவானை நீக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நாஞ்சில் நாட்டு நெல்லு சமஸ்தானம் முழுவதற்கும் போதாது. பர்மா அரிசியை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, அரிசிக் கப்பல் நின்றது. மரச்சீனிக் கிழங்குதான் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. எங்கோ நடந்த சண்டை நம்ம வீட்டுக் கஞ்சிக் கலயத்தைக் காலியாக்கியது. வெளிநாட்டு விவகாரம் நமக்கெதுக்கு என்று இனியும் கேட்க முடியுமா?

1946-ல் திவான் ‘அமெரிக்கன் மாடல்’ என்று ஓர் அரசியல் திட்டம் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் திவானை அசைக்க முடியாது என்பதே அதன் சாரம். ஆலப்புழை, சேர்த்தலை பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளியும், மீனவரும், வயல்கூலியும் அதை ஏற்கவில்லை. கூலி உயர்வோடு திவான் ஆட்சி ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்த அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கி பேசியது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை.

1947 ஜூன் 11-ல், திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியையும் நியமித்தார். நம்ம மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் அணுசக்திக்கு ஆகும் தோரியம் இருக்கிறது. அந்த மோனசைட்டைப் பிரிட்டனுக்குக் கொடுக்க ஒப்பந்தம் பேசியதும் அதே திவான்தான். அந்தக் கடற்கரையில் குடியிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

ஜூலை 25-ல் திவான் வெட்டுப்பட்டார். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஆகஸ்டில் திவான் ஊரை விட்டே போனார். 1948-ல் வயது வந்த அனைவருக்கும் ஓட்டு. நம்ம தாத்தா பாட்டிமார் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

ராஜாங்கம் போச்சு, இனி எல்லாம் சரியாகும்னு நினைச்சோம். ஆச்சா? 1954-ல் பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சர். அவரே சி.பி. காலத்தில் சிறை கண்டவர். ஆனால் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டு ஆகஸ்ட் 11-ல் நம் மக்கள் திரண்டபோது, இதே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. சுட்டது திவானின் ஆட்சியல்ல, நாம் ஓட்டுப் போட்டு வந்த ஆட்சி!

அப்போது பட்டத்தின் சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் கால்வாய்ப் பாசன வரி உயர்வை எதிர்த்து விவசாயிகளிடம் பேசியதற்காகச் சிறையில் இருந்தார். சிறைக்குள் இருந்தே, சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்றார். பட்டம் விலகவில்லை, கட்சிதான் உடைந்தது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழகத்தோடு சேர்ந்தன. அதுவும் கேட்டு, அடிபட்டு, உயிர் கொடுத்து வாங்கியது.

ஓட்டுரிமை வந்தது, சங்கம் வைக்கும் உரிமை வந்தது. ஆனால் வெளிநாட்டோடு கையெழுத்துப் போடும் பேனா மட்டும் இன்னும் பூட்டிய அறையில்தான் இருக்கிறது.

2009 ஆகஸ்ட் 13-ல் பாங்காக்கில் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்துக்கு முன் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் இல்லை. கேரளத்தில் அக்டோபர் 2-ல் காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. ஆனால் மை காய்ந்துவிட்டதே!

“இயற்கை ரப்பரை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறோம், பயப்படாதீங்க” என்றார்கள். உண்மைதான். ஆனால் ரப்பரோடு கொஞ்சம் ரசாயனம் கலந்தால் அதன் பேர் காம்பவுண்டு ரப்பர். அது குறைந்த வரியில் உள்ளே வருகிறது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. 2023 பட்ஜெட்டில் காம்பவுண்டு ரப்பர் வரியை 10-லிருந்து 25 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனால் ஒப்பந்த நாட்டுச் சரக்குக்கு ஒப்பந்த வரிதான். நாம் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் போட்ட வரியை, பாராளுமன்றத்தைக் கேட்காமல் போட்ட கையெழுத்து தடுக்கிறது!

இதற்காக அந்த நாட்டு மக்களை நாம் பகைக்க வேண்டாம். இந்தோனேசியாவிலும் ரப்பர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சிறு விவசாயிகள்தான். 1998 ஜனவரியில் சர்வாதிகாரி சுகார்த்தோ சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டார். மே மாதம் அவர் விழுந்தார். சிறையிலிருந்த தொழிற்சங்கத் தலைவர் முக்தார் பக்பஹான் வெளியே வந்தார், சங்கங்கள் முளைத்தன. ஆனால் நிதியத்தின் பிடி சுகார்த்தோவோடு போய்விடவில்லை. அங்கேயும் நம்ம கதைதான்.

2024-ல் கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்ததைப் பார்த்தோம். திவான் காலத்தில் கேட்காத கேள்வியை அவர்கள் இன்று கேட்டார்கள். நாமும் கேட்போம்:

1. விவசாயத்தைத் தொடும் எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் கையெழுத்துக்கு முன் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மாநில அரசையும் கேட்க வேண்டும்.

2. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் காம்பவுண்டு ரப்பருக்கு இயற்கை ரப்பருக்குரிய வரியே விதிக்க வேண்டும். அதற்காக ஆசியான் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும்.

3. ஷீட் விலை விழும்போது பால்வெட்டுத் தொழிலாளியின் கூலி விழாதபடி ஆதாரவிலையும் கூலிப் பாதுகாப்பும் வேண்டும். தோட்டக்காரனையும் வெட்டுக்காரனையும் மோதவிடுபவனுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் இந்த மூன்றையும் தீர்மானமாகப் போடுங்கள். எழுதி வாங்குங்கள், நகல் எடுத்து வையுங்கள். வேலைக்குப் போவணும், நேரமில்லைன்னு சொல்லாதீங்க. ஓட்டு வாங்கவும் நம் தாத்தாமார் வேலையை விட்டுத்தான் வந்தார்கள். இந்த ரோட்டில்தான் விழுந்தார்கள்.

திவானை அனுப்பினோம். திவானின் பேனாவையும் வாங்குவோம்.