அறியேன் என்று சொல்லத் துணிந்தவர்

(பாரிவாக்கத்தில் நிகழ்த்திய உரை)



புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குவோரின் ஊக்கம் ஏன் விரைவில் தளர்கிறது என்பது குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். பிராகிருதம் கற்க மும்முறை தொடங்கி, மும்முறையும் வேற்றுமை உருபுகளைத் தாண்டாதவன் நான். ஆதலால் கற்று வென்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1880ஆம் ஆண்டு. உ. வே. சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என ஐயர் நெடிய பட்டியல் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

பிறருக்குப் பாடம் சொல்பவர் மீண்டும் மாணாக்கராக வேண்டியிருந்தது. ஏடு கிடைத்தது, பொருள் எளிதில் பிடிபடவில்லை. யாப்பும் இலக்கணமும் அறிந்திருந்தும், சைன சமயக் கருத்துகள் வருமிடங்களில் திகைத்தார்.

நம்மில் பலர் கைவிடுவது இவ்விடத்தில்தான். தெரியாமையால் அன்று, தெரியாமையைப் பிறர் காண நேருமே என்ற நாணத்தால். (என் மூன்று தோல்விகளுக்கும் அதுவே காரணம்.)

சைவச் சூழலில் வளர்ந்த ஐயர், கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்றார். ஒருநாள் ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கண்டு, என்ன விசேடம் என்று கேட்டார். சிந்தாமணி படித்து நிறைவு செய்த விழா என்றனர். தாம் ஏட்டில் முட்டி மோதிய நூல், அடுத்த தெருவாருக்கு வழிபாடாகவே இருந்தது! சந்திரநாத செட்டியார் முதலியோரிடம், ஐயம் எழுந்தபோதெல்லாம் சென்று கேட்டுத் தெளிந்தார். அவர்களுக்குச் சமயம் தெரியும்; இவருக்கு இலக்கணம் தெரியும். மனவுறுதி மட்டுமே அவரை நிறுத்தியது என்று நான் கருதவில்லை. கேட்பதற்கு ஆளிருந்தனர், கேட்க அவர் கூசவில்லை.

1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஏழு ஆண்டுகள்! பின்னர் மணிமேகலையை எடுத்தபோது பௌத்தம் அவருக்குப் புதிது. பெயர்பெற்ற பதிப்பாசிரியர் ஆனபின்னும் ரங்காசாரியரிடம் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 1898இல் அந்நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 43.

பாரிவாக்கத்தில் பிராகிருதம் அறிந்த மூத்தவர் இருவர் உள்ளனர் என்று இன்று காலைதான் அறிந்தேன். வரும் ஞாயிறன்று, நான்காம் முறையாக, என் குறிப்பேட்டோடு அவர்கள் வாயிலில் நிற்பேன்.