தில்லை மரமும் அதன் இருப்பிடமும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் ஒரு மரத்தால் வந்தது. தில்லைக் கூத்தனைத் தொழுவோர் பல்லாயிரவர். அத்தலமரத்தைக் கண்டு ‘இதுவே தில்லை’ எனச் சுட்ட வல்லார் மிகச் சிலரே. இன்று நகரைச் சூழ்ந்து தில்லைக்காடு இல்லை. அதனைக் காண விழைவோர் கடற்பக்கம் சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரம் உப்பங்கழியை அடைதல் வேண்டும்.

ஆங்கும் மயக்கம் நேர்தல் உண்டு. வளைந்த ஊன்றுவேர்களை நீரில் இறக்கிக் கழியோரத்தே நிற்பது சுரபுன்னை. எழுதுகோல்களை நட்டாற்போலச் சேற்றினின்று மூச்சுவேர்களை எழுப்புவது வெண்கண்டல். தில்லைக்கு இவ்விருவகை வேரும் இல்லை. அதன் வேர்கள் பாம்பென நெளிந்து தரைமேற் படரும். இலைகள் பளபளப்பானவை, உதிருமுன் செந்நிறம் எய்துவன. ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். ஆண்மரம் மஞ்சள் நிறப் பூங்கதிர்களைத் தாங்கும். பெண்மரம், ஆமணக்கின் இனமாதலின், மூன்று பகுப்புடைய சிறு காய்களைக் காய்க்கும்.

இலையைக் கிள்ளினும் கிளையை ஒடிப்பினும் வெண்பால் ஒழுகும். அது தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கும் கேடு செய்யும். ஆதலின் ஒடித்து ஆராய வேண்டா. நோக்கியே அறிதல் நன்று.

அலை நாடோறும் மூழ்கடிக்கும் விளிம்பைக் காட்டிலும், உவர்நீர் இடையிடையே வந்து மீளும் சற்று மேடான நிலப்பக்கமே தில்லைக்கு ஏற்ற இடம். ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் அளவொடு கலந்தாலன்றி இக்காடு வாழாது. முன்னாளில் பிச்சாவரத்தில் பகுதி பகுதியாக மரங்களை வெட்டியமையால் தரை தாழ்ந்தது, ஓதநீர் தேங்கியது, அது வெயிலில் வற்ற உப்பு மிகுந்தது, கன்றுகள் பட்டன. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கால்வாய்கள் வெட்டி நீர் வந்துபோக வழி செய்தபின், வெறுநிலம் மீண்டும் பசுமையுற்றது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாயிற்று.

ஆகவே தலமரத்தின்பால் கொண்ட அன்பு, அம்மரம் வேரூன்றிய சேற்றையும் அதற்கு உயிரூட்டும் நீரோட்டத்தையும் காத்தலாக விரிதல் வேண்டும். அறியாதார் கண்ணுக்குத் தில்லை வெறும் விறகு. அறிந்தாரோ அதன்மேற் கோடரி வைக்கக் கூசுவர்.