பாஸ்போர்ட்டில் பாலினத் திருத்தம்: முதல் படி பாஸ்போர்ட் இணையதளம் இல்லை

(ஏப்ரல் 15, திருநங்கையர் தினத்தையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தேதிக்கு இரண்டு சிறப்பு இருக்கு. திருநங்கைகளுக்கென்று தனி நல வாரியத்தைத் தமிழ்நாடு அரசு அமைத்தது 2008 ஏப்ரல் 15-ல். ஆறு வருஷம் கழித்து, 2014-ல் அதே ஏப்ரல் 15-ல்தான், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்த உரிமை உங்க பாஸ்போர்ட்டின் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வந்து சேர என்ன செய்யணும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதல்ல ஒரு தோழியின் கதை. அவர் அனுமதியோடு, பெயர் இல்லாமல் சொல்றேன்.

அவர் ஒப்பனைக் கலைஞர். வெளிநாட்டில் ஒரு மேடை நிகழ்ச்சிக்கு வேலை வந்தது. மூன்று வாரம், நல்ல சம்பளம். கையில் பாஸ்போர்ட் இருக்கு. ஆனால் அது பத்தொன்பது வயசில் எடுத்தது. அதில் பழைய பெயர், பழைய முகம், பாலினம் 'ஆண்'. திருத்திடலாம் என்று அன்றைக்கே போனில் விண்ணப்பித்து, பணம் கட்டி, அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார். போன இடத்தில் பழைய பெயரைச் சத்தமாக மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று இவர் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். நான்காவது முறைதான் எழுந்து போனார். நல வாரிய அட்டையைக் காட்டினார். ஆதாரில் பழைய பெயர்தான் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஆதார் மையத்துக்குப் போனால், அங்கே வேறொரு சான்றிதழ் கேட்டார்கள். இப்படி அலைந்து முடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துபோனது.

அவரிடம் உரிமை இருந்தது, பணமும் இருந்தது. படிகளைத் தலைகீழாக ஏறியதுதான் பிரச்சினை. கடைசிப் படியில் முதலில் கால் வைத்துவிட்டார்.

அதனால் இந்த உரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நின்றாலும் போதும்: பாஸ்போர்ட் திருத்தம் பாஸ்போர்ட் இணையதளத்தில் தொடங்குவதில்லை. அது மாவட்ட ஆட்சியரின் சான்றிதழில் தொடங்குது.

படி 1: ஆட்சியர் சான்றிதழ்

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கு. அதன்படி திருநர் என்று அடையாளச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு. இதற்காக ஆட்சியர் அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்தும் திருநருக்கான தேசிய இணையதளத்தில் போன் மூலமே விண்ணப்பிக்கலாம்.

என்னென்ன வேணும்? விண்ணப்பப் படிவம், புகைப்படம், முகவரி ஆவணம், அப்புறம் ஓர் உறுதிமொழிப் பத்திரம். "என் பாலின அடையாளம் இது" என்று நீங்களே எழுதித் தருவதுதான் அந்தப் பத்திரம். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, தெளிவாக ஸ்கேன் செய்து பதிவேற்றணும்.

இங்கே பலருக்கும் இருக்கிற பயத்தைச் சொல்லிடறேன். "ஆபரேஷன் பண்ணியிருக்கணுமா? டாக்டர் பரிசோதிப்பாங்களா?" இந்தச் சான்றிதழை மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ இல்லாமல், உங்க உறுதிமொழியின் பேரில்தான் வழங்கணும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்லின. முறையான விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள் வழங்கணும் என்பதும் அதே விதிதான். யாராவது பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "எந்த விதியின்படி என்று எழுத்தில் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்க. மறுத்தால் காரணம் கேட்கவும், மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு குழப்பம், நம்ம ஊரில் மட்டும் இருப்பது. "என்கிட்டதான் நல வாரிய அட்டை இருக்கே?" என்பார்கள். அந்த அட்டை மாநில அரசின் நலத்திட்டங்களுக்கானது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க. ஆனால் மற்ற அரசு ஆவணங்களில் பாலினத்தை மாற்றச் சட்டம் சொல்லும் ஆவணம் ஆட்சியர் சான்றிதழ்தான். இரண்டும் வேறு வேறு. தோழி தடுமாறியது இந்த இடத்தில்தான்.

'திருநர்' என்று இல்லாமல் 'பெண்' அல்லது 'ஆண்' என்றே பதிவாக விரும்புகிறீர்களா? அதற்கு இன்னொரு கட்டம் இருக்கு. பாலின உறுதிப்படுத்தும் சிகிச்சை பெற்ற பிறகு, அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அதிகாரியோ தரும் சான்றோடு அதே ஆட்சியரிடம் விண்ணப்பித்தால், திருத்திய சான்றிதழ் கிடைக்கும். எந்தப் பதிவு வேணும் என்பதை இந்த இடத்திலேயே நிதானமாக முடிவு செய்யுங்க. சில நாடுகளின் விசா விண்ணப்பத்தில் இன்னமும் ஆண், பெண் என்ற இரண்டு கட்டம்தான் இருக்கு. எந்த நாட்டுக்குப் போகப் போறீங்களோ, அதன் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் முடிவு உங்களுடையது. ஏஜென்ட்டோ, உறவினரோ, உரை ஆற்றுகிற நானோ எடுக்க வேண்டிய முடிவு இல்லை அது.

சட்டம் வருவதற்கு முன்பே அரசு ஆவணத்தில் பாலினத்தை முறைப்படி மாற்றியவர்கள் புதிதாக இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்றும் விதியில் இருக்கு.

படி 2: ஆதாரும் மற்ற ஆவணங்களும்

சான்றிதழ் வந்ததும் நேரே பாஸ்போர்ட்டுக்கு ஓடாதீங்க. முதலில் ஆதார். பெயர், பாலினம், போட்டோ மூன்றையும் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றணும். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பாலினத்தைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். முந்தைய படியில் நிதானமாக முடிவு செய்யச் சொன்னது இதனாலும்தான்.

போன் நம்பரையும் பாருங்க. வீட்டைவிட்டு வந்தபோது பழைய சிம்மையும் அங்கேயே விட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆதாரோடு இணைந்திருப்பது அந்த நம்பர் என்றால் ஓடிபி அண்ணனுக்கோ அப்பாவுக்கோ போகும். மையத்தில் இருக்கும்போதே இப்போதைய நம்பரை இணைத்துவிடுங்க.

பெயர் விஷயத்திலும் சட்டம் உங்க பக்கம். ஆட்சியர் சான்றிதழ் பெற்றவர், பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லா அடையாள ஆவணங்களிலும் தன் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உள்ளவர் என்று 2019 சட்டத்தின் 7-வது பிரிவு சொல்லுது. பான் கார்டு விண்ணப்பத்தில் 2018 முதலே திருநர் என்ற தேர்வு இருக்கு. ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர் இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடக் குறைய இருந்தாலும் கவுன்ட்டரில் கேள்வி வரும்.

படி 3: பாஸ்போர்ட் விண்ணப்பம்

இப்போ பாஸ்போர்ட். பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலோ எம்-பாஸ்போர்ட் சேவா செயலியிலோ விண்ணப்பிக்கலாம். இரண்டைத் தவிர வேறு எங்கேயும் பணம் கட்டாதீங்க. அதே தோற்றத்தில் போலித் தளங்கள் நிறைய உலவுது. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்க.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் நீங்க தேர்வு செய்ய வேண்டியது 'மறு வழங்கல்'. காரணம், 'தனிப்பட்ட விவரங்களில் மாற்றம்'. முதல் முறை என்றால் 'புதிய பாஸ்போர்ட்'. பாலினம் என்ற இடத்தில் ஆண், பெண், டிரான்ஸ்ஜெண்டர் என்ற மூன்றில், உங்க சான்றிதழில் இருப்பதையே தேர்வு செய்யுங்க. 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

"வேறு பெயரால் அறியப்பட்டதுண்டா? பெயரை மாற்றியதுண்டா?" என்று படிவம் கேட்கும். பழைய பெயரை எழுதவே கை வராது, புரியுது. ஆனால் மறைக்காதீங்க. தகவலை மறைப்பது பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பழைய பெயர் அலுவலகக் கோப்பில் இருக்கும், புதிய பாஸ்போர்ட்டின் முகப்பில் உங்க பெயர் இருக்கும்.

அடுத்து, அம்மா அப்பா பெயர். வீட்டோடு பேச்சே இல்லாதவர்களுக்கு இது பெரிய தடையாகத் தெரியும். 2016 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு தந்தை, தாய், சட்டப்படியான காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் தந்தாலே போதும்.

அப்பாயின்ட்மென்ட் நாளில் கொண்டு போக வேண்டியவை: ஆட்சியர் சான்றிதழின் அசல், திருத்திய ஆதார், பழைய பாஸ்போர்ட்டின் அசல், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல் உங்க கையெழுத்தோடு. உங்களுக்கென்று கூடுதலாக ஏதும் வேணுமா என்பதை இணையதளத்தின் 'டாக்குமென்ட் அட்வைசர்' பகுதியில் முந்தின நாளே பார்த்துவிடுங்க. விண்ணப்ப ரசீதை அச்சிட வேண்டியதில்லை, குறுஞ்செய்தியே போதும். புகைப்படம் அங்கேயே எடுப்பார்கள். அதனால் நீங்க நீங்களாகவே போங்க. தினமும் புடவை கட்டுபவர் அன்றைக்கு மட்டும் பேன்ட் சட்டையில் போனால், அந்த முகம்தான் பத்து வருஷம் கூட வரும்.

பிறகு காவல்துறை சரிபார்ப்பு இருக்கலாம். சேர்ந்து வசிக்கும் வீடு என்றால், வீட்டு உரிமையாளரிடமும் கூட இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைங்க. வருபவர் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று பதில் போய்விடக் கூடாது.

தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் இருக்கு. சந்தேகம் என்றால் கட்டணமில்லா எண் 1800-258-1800. பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், பயணத்துக்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்க.

மற்ற எல்லாருக்கும்

இதைப் படிக்கிற எல்லாரும் திருநர் இல்லை. நீங்க இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை பார்க்கலாம், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காரலாம், அல்லது வரிசையில் பின்னால் நிற்கலாம். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பெயரைக் கூப்பிடுவதற்குப் பதில் டோக்கன் நம்பரைக் கூப்பிடுங்க. "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று ஒரு முறை மெதுவாகக் கேளுங்க. "ஆபரேஷன் ஆச்சா?" என்ற கேள்வி பாஸ்போர்ட் படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாததை நாமும் கேட்க வேண்டியதில்லை.

என் தோழிக்கு என்ன ஆச்சு என்று கேட்பீங்க. ஆட்சியர் சான்றிதழிலிருந்து மறுபடி தொடங்கினார், ஒவ்வொரு படியாக. புது பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று எனக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தை அனுப்பினார், நம்பரை விரலால் மறைத்து. "கூப்பிட்டா முதல் தடவையே எழுந்துக்குவேன்" என்று கீழே எழுதியிருந்தார்.

போனை எடுங்க. இன்றைக்கே முதல் படியில் கால் வைங்க.