கீழே இறங்குவது யார்? பசுமைக் குடியிருப்புகளும் சாதியும்

(கோச்சடையில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கடலே இல்லாத கோச்சடையில் கடற்கரை பங்களாக்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழரே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். என் முனைவர் பட்ட ஆய்வு சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தொடங்கி கோவளம் வரையுள்ள தனியார் குடியிருப்புகளைப் பற்றியது. சுவர் எழுப்பி, கேட் போட்டு, செக்யூரிட்டி நிறுத்தி, உள்ளே மரம் நட்டு, ‘சுற்றுச்சூழலோடு இயைந்த வாழ்க்கை’ என்று விளம்பரம் செய்கிற வளாகங்கள். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் முளைத்தது கடற்கரையில் அல்ல, இந்த மேலக்கால் ரோட்டில்.

என் அம்மா இங்கே ஆற்றோரமாக உள்ள ஒரு அடுக்ககத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை பார்த்தார். காலை ஆறரைக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு வருவார். நாலு வீட்டுக் கழிப்பறையைக் கழுவுவார். அந்த நாலில் ஒன்றையும் அவர் பயன்படுத்தக் கூடாது. அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் போவார். ‘வெயில் காலத்தில்கூட ஏம்மா தண்ணி குடிக்க மாட்டேங்கற’ என்று நான் கேட்டதற்கு, ‘குடிச்சா போகணுமேடா’ என்றார். அந்த அடுக்ககத்தின் வாசலில் ‘நீரைச் சேமிப்போம்’ என்று ஒரு பலகை உண்டு. அம்மா அதை நன்றாகவே கடைப்பிடித்தார்.

கடற்கரைக்குப் போகலாம். மூன்று வருடங்களுக்கு முன்பு களப்பணிக்காக அங்கே ஒரு வளாகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அசோசியேஷன் செயலாளர் அன்பான மனிதர். சோலார் தகடுகளைக் காட்டினார், மழைநீர் சேகரிப்புக் குழிகளைக் காட்டினார், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வைத்திருந்த தொட்டிகளைக் காட்டினார். ‘இங்கிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாது, எல்லாம் சுத்திகரித்துத் தோட்டத்துக்கே விடுகிறோம்’ என்றார். சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் அங்கே போனதே இல்லை. எந்தப் பக்கம் என்று செக்யூரிட்டியிடம் விசாரித்துத்தான் என்னை அனுப்பி வைத்தார்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், தரைக்குக் கீழே இருந்தது. மேலே ஒரு தகரக் கொட்டகை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஐம்பது வயதிருக்கும் ஓர் அண்ணன். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்றார். ‘மதுரைண்ணே, கோச்சடை.’ ‘அட, நமக்கு மேலூர்ப் பக்கம்’ என்று நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். அடுத்து அவர் கேட்டது என் தெரு. நம் ஊரில் தெருவைக் கேட்பது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். சொன்னேன். அதன் பிறகுதான் மனம் விட்டுப் பேசினார்.

அந்த நிலையம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாதி அந்த இயந்திரத்துக்குள்தான் இருக்கிறது. எல்லா வீட்டுக் கழிவும் முதலில் ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து காற்றூட்டும் தொட்டிக்குப் போகும். ‘ப்ளோயர்’ என்ற இயந்திரம் இருபத்து நாலு மணி நேரமும் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று இருந்தால்தான் நல்ல நுண்ணுயிர்கள் பிழைத்துக் கழிவைத் தின்னும். பிறகு சேறு அடியில் படியும், தெளிந்த நீர் மணலிலும் கரியிலும் வடிகட்டப்பட்டுத் தோட்டத்துக்குப் போகும். படித்துப் பார்த்தால் அழகான தொழில்நுட்பம்.

ப்ளோயர் நிறைய மின்சாரம் இழுக்கும். மெயின்டனன்ஸ் கட்டணம் ஏறுகிறது என்று கூட்டத்தில் சத்தம் வந்தால் அசோசியேஷன் முதலில் கைவைப்பது இதில்தான். ‘ராத்திரி பத்து மணிக்கு ஆஃப் பண்ணிடச் சொல்லிட்டாங்க தம்பி’ என்றார் அண்ணன். காற்று நின்றால் நுண்ணுயிர்கள் சாகும், கழிவு அழுகும், ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். காற்றை விடக் கனமான வாயு அது; தொட்டியின் அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று மனிதன் நினைக்கிற நேரத்தில்தான் அது கொல்கிறது. முதலாமவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்தித்தாளில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்றே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

சரி, இயந்திரம் இருக்கும்போது மனிதன் ஏன் இறங்க வேண்டும்? மேலே வீடுகளில் ‘ஃப்ளஷ்’ செய்கிற ஈரத் துடைப்புத் தாளும் நாப்கினும் பம்பில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கம்பெனி ஆள் வர நான்கு நாள் ஆகும். அதற்குள் நாற்றம் மாடிக்கு ஏறும், வாட்ஸ்அப் குழுவில் கொதிப்பார்கள். அண்ணன் இறங்குவார். எத்தனை முறை என்று கேட்டேன். கணக்கு வைக்கவில்லை என்றார். கடைசியாக ஒன்று கேட்டேன், ‘உங்களுக்குக் கழிப்பறை எங்கேண்ணே?’ நானூறு வீட்டு மலத்தைச் சுத்திகரிக்கிற மனிதர் மதில் சுவருக்கு அப்பால் இருந்த சவுக்குத் தோப்பைக் கை காட்டினார்.

நண்பர்களே, இவர் எந்தச் சாதி என்று நான் சொல்லத் தேவையில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிச் சொல்லத் தேவையில்லாமல் இருப்பதுதான் பிரச்சினையே. சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமல்ல, தொழிலாளரையே பிரித்து அடுக்குவது என்று 1936-லேயே எழுதினார் அம்பேத்கர். புதிய தொழில்நுட்பம் வந்தால் இந்த அடுக்கு கரைந்துவிடும் என்று நம்முடைய முற்போக்கு நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை, வாளி போய் பம்ப் வந்தது, ‘தோட்டி’ போய் ‘ஆபரேட்டர்’ வந்தது, தெரு மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் விரிவான சட்டம் வந்தது. அதன் 7-ஆம் பிரிவு சாக்கடை, செப்டிக் டேங்க்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் ‘ஆபத்தான’ என்ற சொல்லுக்கு அந்தச் சட்டமே தரும் விளக்கத்தைப் படியுங்கள்: பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமல் இறக்கினால்தான் ஆபத்தானது. கருவி கொடுத்தால் இறக்கலாம் என்று அதற்கு அர்த்தமாகிறது. மலக்குழியில் மனிதன் இறங்குவது இழிவு என்று சட்டம் சொல்லவில்லை, கையுறை இல்லாமல் இறங்குவது தவறு என்கிறது. இந்த ஓட்டை வழியாகத்தான் ஒப்பந்தக்காரர்கள் தப்பிக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களை இந்த வேலையில் ஈடுபடுத்துவதே வன்கொடுமை என்று 2015 திருத்தம் சேர்த்தது. அடுக்ககங்களில் நடந்த மரணங்களில் எத்தனை முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இப்படிப்பட்ட மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. பெரியார் மண் என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். கடற்கரை வரை போக வேண்டாம். 2022 ஏப்ரலில் இங்கே பழங்காநத்தம் நேரு நகரில், மாநகராட்சிக் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டாரைச் சரிசெய்யப் போன மூன்று பேர் செத்தார்கள். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை 2017-ல் எடுத்த திவ்யபாரதியும் மதுரைக்காரர்தான். படம் வந்தபோது நமக்குப் பதற்றமாக இருந்தது. பிறகு பழகிவிட்டோம்.

இப்போது சூழலியல் அனுமதிக்கு வருகிறேன். 2006 அறிவிக்கையின்படி இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதங்களை என் ஆய்வுக்காகக் கட்டுக் கட்டாகப் படித்திருக்கிறேன். கழிவுநீர் நிலையம் வேண்டும், பசுமைப் பரப்பு வேண்டும், மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று நிபந்தனைகள் வரிசையாக வரும். மரத்துக்கு எத்தனை அடி இடைவெளி விட வேண்டும் என்றுகூட யோசிக்கிறார்கள். அந்தத் தொட்டியைக் கழுவப் போவது யார், அவருக்குக் கழிப்பறை எங்கே என்று ஒரு நிபந்தனையை நான் படித்த கடிதங்களில் பார்த்ததில்லை. ‘நீடித்த வளர்ச்சி’ என்கிறார்களே, அங்கே நீடிப்பது எது என்று எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

கடற்கரை என்றதும் மீனவர்களைச் சொல்லாமல் விட முடியாது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் தமிழக அரசு அரசாணை 172-ஐப் போட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு வைத்திருக்கும் மீனவர் வெளியே போகச் சம்மதித்தால் அரசு வீடு கட்டித் தரும், போக மாட்டேன் என்றால் இருந்த இடத்தில் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடலை நம்பிப் பிழைப்பவரைக் கடலிலிருந்து தள்ளிப் போகச் சொன்ன அதே கரையில் ரிசார்ட்டுகளும் பங்களாக்களும் இருந்தபடியே இருந்தன. பிறகு 2019 அறிவிக்கை, மக்கள் அடர்த்தி அதிகமுள்ள ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. வலை காயப் போட்ட மணல் இன்றைக்குக் ‘கடல் பார்த்த வில்லா’.

மீனவக் கிராமத்தைச் சமத்துவபுரம் போலக் காட்டவும் நான் தயாராக இல்லை. சுனாமி நிவாரணத்தில் கடலோர தலித்துகளும் இருளர்களும் ஒதுக்கப்பட்டது ஆவணமாகவே இருக்கிறது. முகாமில் சேர்ந்து தங்க விடவில்லை, படகு இல்லாதவனுக்கு இழப்பீடு இல்லை. பறிகொடுத்தவர்களுக்குள்ளும் அடுக்கு இருந்தது. இதைச் சொன்னால் ‘ஒற்றுமையைக் குலைக்கிறாய்’ என்று சில சூழலியல் நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்படட்டும்.

2015 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மூழ்கியபோது நகரத்தைக் கழுவ மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரிகளில் கொண்டுபோனார்கள். வெள்ளம் வடிந்த பிறகு, ஆக்கிரமிப்பு என்று சொல்லி அடையாறு, கூவம் கரையில் இருந்த குடிசைகளைப் பிடுங்கிப் பெரும்பாக்கத்துக்குத் தள்ளினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. ஆற்றில் இருந்தவனை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பில் குடிவைத்தார்கள். அதே சதுப்பைத் தின்று எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரும் ‘ஆக்கிரமிப்பு’ என்று கூப்பிடவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சுவருக்குள் வாழும் வாழ்க்கை கோச்சடைக்குப் புதிதில்லை. மில் அதிகாரிகளுக்காக இங்கே ஒரு கிளப் இருந்தது. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் வடிவமைத்தது, இன்று ஹோட்டல். இப்போது மேலக்கால் ரோடு நெடுக ‘ஆற்று முகப்பு’ என்ற பெயரில் வீட்டுமனைகள். இந்தப் படுகையில் கிணறு தோண்டித்தான் மதுரைக்குக் குடிநீர் எடுத்தார்கள். அந்த மணலுக்கு மேலேதான் இன்றைக்குச் செப்டிக் டேங்க் லாரிகள் ஓடுகின்றன. இரவில் பாலத்துக்கு அடியில் அவை காலியாகும் சத்தம் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். வைகையில் விடுவது வைகையோடு நிற்பதில்லை. வெள்ளக் காலத்தில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும், மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலில் சேரும். கோச்சடையில் உட்கார்ந்து கடற்கரையைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றைக் காப்பாற்றுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வருகிற நண்பர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் போயிருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் பொறுக்கிய பிளாஸ்டிக்கை லாரியில் ஏற்றியது யார் என்று படத்தில் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றார்கள், டீ-ஷர்ட் இல்லாமல்.

ஆகவே ஒரு சின்ன வேலையோடு வந்திருக்கிறேன். கோச்சடையிலும் சுற்றியும் கழிவுநீர் நிலையம் வைத்திருக்கிற அடுக்ககங்களைப் பட்டியல் போட வேண்டும். எந்தக் கம்பெனி ஒப்பந்தம், ப்ளோயர் இரவில் ஓடுகிறதா, கடந்த ஒரு வருடத்தில் யாராவது உள்ளே இறங்கினார்களா, வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா. மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போட வேண்டிய தகவல் உரிமை மனுக்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், பத்து ரூபாய் கட்டணம்தான். அடுக்ககத்தில் குடியிருக்கும் தோழர்கள் கையைத் தூக்குங்கள்... நாலு பேர். சரி. உங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் கழிப்பறைக் கேள்வியை எழுப்பப் போவது நீங்கள்தான், வெளியிலிருந்து நான் வந்து கேட்டால் கேட்டையே திறக்க மாட்டார்கள். டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு அந்தப் பக்க மேசைக்கு வாருங்கள், மனுக்கள் அங்கே இருக்கின்றன.