தெருவே குற்றவாளியா?

(தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து வெளியேறும்போது மில் வாசலில் மடியைத் தடவிப் பார்த்தால் நமக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. திருடவில்லை, ஆனாலும் திருடனைப் போல் நிற்கிறோம். தெருவில் நடந்ததற்காகவே இந்த அவமானத்தை அனுபவித்த மக்களைப் பற்றி இன்று பேசுவோம். இடம் அமெரிக்கா.

நியாயமற்ற சோதனை கூடாது என்பது அந்நாட்டு அரசியல் சட்டம். ஆனால் 1968-ல் டெர்ரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி திறந்துவிட்டது. கைது செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், ‘நியாயமான சந்தேகம்’ இருந்தால் போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தலாம். ஆயுதம் இருக்குமென்று கருதக் காரணமிருந்தால் உடம்பைத் தடவிப் பார்க்கலாம்.

எது நியாயமான சந்தேகம்? 1995-ல் சிகாகோவில் வரிசையாக வந்த போலீஸ் கார்களைக் கண்டு வார்ட்லோ என்பவர் ஓடினார். பிடித்துச் சோதித்தார்கள், துப்பாக்கி இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பிடிக்கும்போது போலீசுக்கு அது தெரியாது! 2000-ல் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது: ‘குற்றம் மிகுந்த பகுதி’யில் இருப்பது மட்டும் போதாது, அங்கே போலீசைக் கண்டு ஓடினால் சந்தேகம் நியாயமே. குற்றமற்றவனும் போலீசுக்குப் பயந்து ஓடுவான் என்றார் மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ். பணக்காரர் வட்டாரத்தில் ஓடினால் தேகப்பயிற்சி. ஏழை வட்டாரத்தில் ஓடினால் சந்தேகம்!

நியூயார்க்கில் நடந்தது என்ன? 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை போலீஸ் மக்களை நிறுத்தியது 44 லட்சம் தடவை. நூற்றுக்கு 83 தடவை, நிறுத்தப்பட்டவர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சத்தவர். நூற்றுக்கு 88 தடவை கைதும் இல்லை, சம்மனும் இல்லை. தடவிப் பார்த்த 200 தடவையில் ஆயுதம் கிடைத்தது 3 தடவைதான்.

“ஏழைகள் தெருவில்தானே கொலை நடக்கிறது? போலீஸ் வேண்டாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும், கத்திக்கு முதலில் பலியாகிறவன் ஏழைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2011-ல் அந்நகரில் நிறுத்தல்கள் 6,85,000-க்கு மேல், கொலைகள் 515. 2017-ல் நிறுத்தல்கள் 12,000-க்கும் குறைவு, கொலைகள் 292. நிறுத்துவது குறைந்தது; கொலை பெருகவில்லை.

அது தானாகக் குறைந்ததா? இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கோஷமின்றி மௌன ஊர்வலம் சென்றார்கள். தொழிற்சங்கங்களும் தோளோடு தோள் நின்றன. நிறுத்தும்போதெல்லாம் போலீஸ் நிரப்பிவைத்த படிவங்களே கோர்ட்டில் போலீசுக்கு எதிரான சாட்சியாயின! 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷைண்ட்லின், நகர நிர்வாகம் அரசியல் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார்.

தோழர்களே, சந்தேகம் மனிதனின் செய்கையைப் பற்றியதாக இருக்கட்டும். அவன் குடியிருக்கும் தெருவைப் பற்றியதாக வேண்டாம். மலிந்த வாடகைக்காகத்தான் ஏழை அந்தத் தெருவில் குடியிருக்கிறான். வறுமையையே சாட்சியாக்கும் சட்டத்தை, கணக்கெடுத்து, ஒன்றுகூடி நின்றுதான் திருத்த முடியும். நியூயார்க் மக்கள் அதைச் செய்து காட்டினார்கள்.