இல்லாத ஆட்கள்



பார்வை மங்கிய பாட்டி ஒருவர், "திண்ணையில யாரோ ரெண்டு பேரு தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க"ன்னு சொன்னா வீட்டில் என்ன நடக்கும்? புத்தி பேதலிச்சுப் போச்சு என்பார் ஒருவர். மந்திரிச்சுப் பார்க்கலாம் என்பார் இன்னொருவர். இதற்குப் பயந்தே பல பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. பார்வை போன கவலை ஒன்று, பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம் இன்னொன்று. இரண்டாவதுதான் ஆளை அதிகம் உருக்குகிறது.

ஜெனீவாவில் சார்லஸ் போனே என்ற அறிஞர் 1760இல் இப்படி ஓர் அனுபவத்தை எழுதி வைத்தார். கண்புரையால் பார்வை இழந்த அவருடைய தாத்தாவுக்கு ஆட்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் தெரிந்தன. புத்தியோ தெளிவாக இருந்தது. அவை நிஜமில்லை என்று தாத்தாவுக்கே தெரியும்.

கண்ணிலிருந்து வரும் சேதி குறைந்தால், மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் காட்டத் தொடங்கிவிடுகிறது. இதற்கு 'சார்லஸ் போனே சின்ட்ரோம்' என்று பெயர். மனநோய் அல்ல. காது மந்தமான சிலருக்கு, எங்கும் பாடாத பாட்டு கேட்பதும் இதே மாதிரிதான்.

காரணம் தெரிந்ததுமே பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது. விளக்கைப் போடுவது, கண்ணை இடமும் வலமும் அசைப்பது சிலருக்கு உதவும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படி ஏதாவது சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.